மெடிக்கல் சிகரெட்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அதைப் பற்றி ஊர் உலகமே எழுதித் தீர்த்துவிட்டது. புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு அந்த வருஷம் என்றால் ஞாபகத்துக்கு வருவது ஒரு ஆளின் கை. கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சில்லென்று இருந்த கை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டிஸ்பென்சரியில் சேர்ந்திருந்தேன். டிஸ்பென்சரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், மேஜை மேல் பாதரசம் ஏறி இறங்கும் பிரஷர் மிஷின். டாக்டர் பூந்தமல்லியிலிருந்து புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் விரல் வெட்டு, தலைவலி, கண்ணில் விழுந்த இரும்புத்தூள் எல்லாம் என் பாடு.

டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள் இரண்டு வருஷம் முடித்தால் பர்மனென்ட் ஆகலாம். அதற்கு முன்னால் மெடிக்கல் உண்டு; பர்மனென்ட் ஆனவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை உண்டு. உயரம், எடை, கண், நாடி, பிரஷர் என்று எல்லாவற்றையும் பார்த்து நான் கார்டில் எழுதி வைப்பேன். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டு, கார்டைப் பார்த்து, ஃபிட் என்றோ அன்ஃபிட் என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு என்பது அவர் போட்ட கோடு. அதைத் தாண்டிவிட்டால் ஆளின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அதனால் தொழிலாளிகளைப் பொறுத்தவரை அன்ஃபிட் போடுவது டாக்டர் இல்லை, நான்தான்.

கேட்டுக்கு எதிரே ஒரு பங்க் கடை இருந்தது. என் ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கே பீடியோ சாதா சிகரெட்டோ வாங்குவார்கள். ஃபில்டர் சிகரெட் வாங்குவது மெடிக்கல் நாளில் மட்டும்தான். அன்றைக்கு, ஏற்கெனவே பர்மனென்ட் ஆன சீனியர்கள் மெடிக்கலுக்குப் போகிற ஆளைச் சுற்றி நின்றுகொண்டு, தங்கள் செலவில் ஒரு ஃபில்டர் சிகரெட் வாங்கிக் கொடுத்து, பற்றவும் வைத்துவிடுவார்கள். அதற்குப் பேரே மெடிக்கல் சிகரெட். டீ குடிக்க மட்டும் விட மாட்டார்கள். டீ பிரஷரை ஏற்றிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புகை என்றால் படபடப்பை அடக்கும், நெஞ்சைத் திடப்படுத்தும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நல்லா இழுத்துக்கினு போபா. சிஸ்டரு கைய வெச்சா அப்டியே கூலா இருக்கணும்" என்று முதுகில் தட்டி அனுப்புவார்கள். கல்யாண மாப்பிள்ளையை அனுப்பி வைப்பதுபோல் அவ்வளவு பாசமாக அனுப்புவார்கள்.

இதையெல்லாம் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. நான் படித்த புத்தகத்தில் புகையிலைக்கு ஒரு பாரா இருந்தது. அது நுரையீரலோடு முடிந்துவிட்டது. எனக்கும் அதோடு முடிந்துவிட்டது.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து நடந்த மெடிக்கலில் முதல் ஆளாக வந்தவர் சேரப்பணஞ்சேரிக்காரர். எங்கள் டிஸ்பென்சரியில் ஆட்களுக்கு ஊர்ப்பேர்தான் பேர். பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டுகிறவர், இருபத்தாறு வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தினமும் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் வழியாக சைக்கிள் மிதித்து வந்துவிட்டு, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு, திரும்பவும் மிதித்துக்கொண்டு போகிறவர். கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி இருக்கும். எடை சரி, கண் சரி, நெஞ்சு சரி. பிரஷர் மட்டும் நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு.

டாக்டர் அன்ஃபிட் போட்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். பங்குனியில் தனியாக ஒரு புதன்கிழமை வந்தார். நூற்று ஐம்பதுக்குத் தொண்ணூற்று நான்கு. இரண்டாவது தடவையும் அன்ஃபிட்.

"சிஸ்டர், இன்னொரு தபா பாருங்களேன்" என்றார்.

"ரெண்டு தபா பாத்துட்டேங்க. மிஷினு இன்னா என் மாமன் மவனா, நான் சொன்னா எறங்கி வரதுக்கு?"

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் அப்படி. அவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தப் பட்டனைப் போட அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

மறுவாரம் அவருக்குக் கடிதம் வந்தது. ஜூன் கடைசியில் மூன்றாவது மெடிக்கல், அதிலும் அன்ஃபிட் என்றால் டிரெய்னிங் முடிந்ததாகக் கருதி அனுப்பிவிடுவோம் என்று. அவர் அந்தக் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்து, இங்கிலீஷில் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். பெண் பேசி முடித்திருக்கிறார்கள், பர்மனென்ட் ஆர்டர் வந்தால்தான் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சம்மதிப்போம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னார். என்னைக் குறை சொல்வதுபோல் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். எனக்குத்தான் குறுகுறுவென்று இருந்தது.

அவருக்குப் பதிலாகக் குறை சொல்ல கேன்டீனில் ஆள் இருந்தது. "அந்த சிஸ்டரு மிஷினு ராசியில்லாததுபா" என்று ஆரம்பித்தார்கள். அப்புறம், "பம்ப் அடிக்கறதே கோவமா அடிக்குது. பின்ன ஏறாம இன்னா பண்ணும்?" என்றார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாட்ச்மேன், கேன்டீன் சமையல்காரர், பெருக்குகிற அம்மா, கணக்கு ஆபீஸில் உட்கார்ந்தே இருக்கிறவர்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் உட்கார வைத்து பிரஷர் பார்த்தேன். டாக்டர் பையிலிருந்த மிஷினை வாங்கி, அதையும் இதையும் ஒரே கையில் கட்டிப் பார்த்தேன். என் மிஷினில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

இதற்கிடையில் சேரப்பணஞ்சேரிக்காரர் உப்பை விட்டுவிட்டார். ஊறுகாய், கருவாடு எல்லாம் போயிற்று. முருங்கைக்கீரைச் சாறு குடித்தார். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினார். யார் எதைச் சொன்னாலும் செய்தார். தினம் குடிக்கிற நாலைந்து சிகரெட்டை மட்டும் விடவில்லை. அதை விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லோருடைய கணக்கிலும் சிகரெட் மருந்துப் பக்கம் இருந்தது.

கத்திரி தொடங்கிய வாரம் ஒருநாள் முற்பகலில், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவரே வந்தார். தகட்டு விளிம்பு இடது கை நடுவிரலில் இறங்கியிருந்தது. கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். கை வெதுவெதுவென்று இருந்தது. ரத்தம் நிற்பேனா என்று வந்துகொண்டிருந்தது. கட்டி முடித்ததும், ஆள் கையில் கிடைத்திருக்கிறார், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வலது கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்று இருபத்தாறுக்கு எண்பது. நாடி எழுபத்தாறு.

நம்ப முடியாமல் திரும்பப் பார்த்தேன். அதேதான். கேன்டீன்காரர்கள் சொன்னது நிஜம்தானோ, மிஷின் நேரத்துக்கு ஒன்று காட்டுகிறதோ, இரண்டு தடவையும் ஒரு நல்ல ஆளைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று பயம் வந்துவிட்டது. அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. டிடி ஊசி போட வேண்டும், இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

ஊசி என்றதும் அவர் முகம் மாறியது. "ரெண்டே நிமிஷம் சிஸ்டர், தோ வந்துட்டேன்" என்று எழுந்து போனார். நான் ஊசியையும் ரெஜிஸ்டரையும் எடுத்து வைப்பதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார். ஊசி போடுவதற்காக வலது கையைப் பிடித்தேன்.

அதுதான் நான் சொன்ன கை. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை சில்லென்று இருந்தது. நகம் எல்லாம் வெளுத்திருந்தது. வெளியில் தார் உருகுகிற வெயில். என் கை வியர்த்து ஒட்டுகிறது. அவர் கை மட்டும் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி இருந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பட்டையைச் சுற்றினேன். நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்று நான்கு. நாடி தொண்ணூற்றெட்டு.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

"எங்கியும் போல சிஸ்டர். எதுக்கதான்."

"எதுக்க போயி இன்னா பண்ணீங்க?"

"ஒரு தம்மு. ஊசின்னா கொஞ்சம் டர்ரு எனக்கு."

"ஒண்ணா?"

"ரெண்டு."

பிரஸ் ஷாப்பில் எண்ணெய் இருப்பதால் தீப்பெட்டியை உள்ளே எடுத்துப் போக விட மாட்டார்கள். காலையிலிருந்து நாலு மணி நேரம் அவர் புகைக்கவே இல்லை. அப்போது கை வெதுவெதுப்பு, பிரஷர் சரி. இரண்டு சிகரெட்டுக்குப் பிறகு கை சில்லிப்பு, பிரஷர் கோட்டுக்கு மேலே. ஊசிப் பயம் கொஞ்சம் ஏற்றியிருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் ஒழுகியபோது ஏறாதது ஊசிக்கு மட்டும் இவ்வளவா ஏறும்?

ஊசியைப் போட்டுவிட்டு, கட்டிலில் உட்காருங்கள், நகரக்கூடாது என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். நடுவில் சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். "கைல கட்டு போட்டு கீது, சும்மாவா உக்காந்துகினு கீறாரு?" என்று வந்தவரை விரட்டினேன். ஒவ்வொரு தடவையும் விரலைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் உள்ளங்கை சூடானது. பிறகு விரல்களின் அடி, கடைசியில்தான் நுனி. முக்கால் மணி நேரத்தில் கை பழைய கையாகிவிட்டது. நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. ஒரு அந்நிய ஆணின் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். அவருக்கு வியாதி இல்லை என்பதில் சந்தோஷம் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. என் மிஷின் குற்றவாளி இல்லை. அதுதான் முதல் சந்தோஷம். அவர் இரண்டாவதுதான்.

மற்றவர்கள் எல்லாம் அதே மெடிக்கல் சிகரெட்டைக் குடித்துவிட்டு எப்படிப் பாஸானார்கள் என்பதும் அப்புறம் புரிந்தது. வரிசை அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. பெஞ்சில் முக்கால் மணி, ஒரு மணி என்று காத்திருந்த நேரத்தில் ஏறியது இறங்கியிருக்கிறது. இவர் முதல் தடவை முதல் ஆள், இரண்டாவது தடவை தனி ஆள். பங்க் கடையிலிருந்து நேராக என் நாற்காலிக்கு வந்தவர். அதுவும், போன தடவை போய்விட்டதே என்ற அக்கறையில் சீனியர்கள் இரண்டாவது தடவை அவருக்கு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை அந்தத் துண்டுச் சீட்டை டாக்டரிடம் காட்டினேன். அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். சீட்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

"சிகரெட் ரத்தக் குழாயை இறுக்கும்மா. நல்ல திடமான ஆளா இருந்தாலும் இறுக்கும். இவனுக்கு இப்போ குழாய் நல்லா இருக்கு, அதனால திரும்ப விட்டுக்கொடுக்குது. வருஷக்கணக்கா இப்படியே இறுக்கி விட்டு, இறுக்கி விட்டுப் பண்ணிக்கிட்டிருந்தா ஒருநாள் விட்டுக்கொடுக்காது. அந்தப் பழக்கத்தையே விடச் சொல்லு."

சொல்லிவிட்டு அடுத்த கார்டை எடுத்துவிட்டார். அவர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்கவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் சேரப்பணஞ்சேரிக்காரரைக் கூப்பிட்டு நான் சொன்னது இது:

"மெடிக்கலுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தம் அடிக்காதீங்க. ஒரே ஒரு மணி நேரம். அவ்ளோதான். பாஸாயிடுவீங்க."

"அவ்ளோதானா சிஸ்டர்?"

"அவ்ளோதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அடியோடு விடுங்கள் என்றால் விட மாட்டார் என்று நினைத்தேன். அவருக்கு அப்போது தேவை ஆர்டர், உபதேசம் இல்லை என்றும் நினைத்தேன். இதெல்லாம் இப்போது எடுத்து அடுக்குகிற காரணங்கள். உண்மையில் நான் அவ்வளவு தூரம் யோசிக்கவே இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு எண்ணை எழுதி, கேன்டீன்காரர்களின் வாயை அடைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

ஜூன் கடைசிப் புதன்கிழமை, டாக்டர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே அவர் வந்து என் அறை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தலையில் எண்ணெய் வழிந்தது, சட்டை மடிப்பு கலையவில்லை. ஆளைக் காணோமே என்று சீனியர்கள் ஃபில்டர் சிகரெட்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"சிஸ்டர், பாவம் சிஸ்டர், ஒரே ஒரு இழுப்பு. வெறும் நெஞ்சோட போனா இன்னாத்துக்கு ஆவும்?"

"எட்டப் போங்க எல்லாரும்! இந்தப் பக்கம் பொகை வாட வந்திச்சி, வருஷ மெடிக்கல்ல ஒருத்தர் விடாம அன்ஃபிட் போட வெச்சிடுவேன்."

கையிலிருந்த டிரேயை ஓங்கியே காட்டினேன். சிரித்துக்கொண்டே போனார்கள். போகும்போது சிகரெட்டை அவர் காதில் செருகிவிட்டுப் போனார்கள். அதைக் காதில் வைத்துக்கொண்டே, அசையாமல், ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். விரல்களை மட்டும் அடிக்கடி கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார். நான் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

நூற்று முப்பதுக்கு எண்பத்துநான்கு. டாக்டர் கார்டைப் பார்த்தார், நிமிர்ந்து அவர் முகத்தையும் பார்த்தார், ஃபிட் என்று எழுதினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ரோட்டைத் தாண்டுவதற்குள் சீனியர்கள் தூக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டதும், காதிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்து, ஆழமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, என் ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினேன். அந்த வருஷத்தில் எனக்கு அதைவிட சந்தோஷமான நாள் இல்லை.

சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு நானும் போய் வந்தேன். பந்தியில் அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதன்பிறகு நான் கம்பெனியில் பெரிய ஆள். "சிஸ்டர் சொன்ன ஒரு மணி நேரம்" என்று எல்லா ஷிஃப்டிலும் பரவிவிட்டது. மெடிக்கல் சிகரெட் ஒழிந்துபோகவில்லை. முன்னால் கொடுத்ததைப் பின்னால் கொடுக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். வருஷா வருஷம் நடக்கிற மெடிக்கலிலும் அன்ஃபிட் குறைந்துவிட்டது என்று பெர்சனெல் ஆபீஸர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னார். "மெடிக்கலுக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து புகை பிடிக்கக் கூடாது" என்று நானே பெயின்ட்டில் எழுதி வாசலில் மாட்டினேன். எனக்குக் கையெழுத்து அழகாக வரும். நான் அங்கே இருந்த எட்டு வருஷமும் புகையைப் பற்றி அந்தக் கம்பெனியில் எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான்.

பிறகு ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே ஓய்வு நேரத்தில் டாக்டர்களின் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்தது. ரத்தக் குழாயின் உள்பக்கம் வெங்காயத்தின் உள்தோலைப் போல மெல்லிசாக ஒரு உறை இருக்கிறது என்றும், எப்போது தளர வேண்டும் என்று குழாய்க்குச் சொல்வது அந்த உறைதான் என்றும் அதில்தான் படித்தேன். புகை முதலில் கை வைப்பது அதன் மேல். ஒரு வியாதியும் இல்லாத, ஓடியாடுகிற ஆளுக்கும் அப்படித்தான். அதில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் பெரும்பாலும் மீண்டும் வந்துவிடும் என்றும் எழுதியிருந்தது. அந்த வரிக்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. முக்கால் மணி நேரத்தில் சூடாகித் திரும்பி வந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டேன். அது திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோருமே ஏமாந்தோம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிற ஒன்றைப் பார்த்து யாருக்குத்தான் பயம் வரும்?

அந்தக் கல்யாணம் முடிந்து பதினெட்டு வருஷம் இருக்கும். ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தேன். ஊர் அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. கம்பெனி பஸ்கள் வரிசையாக ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் நடந்து ஒரு பாத்திரக் கடை முன்னால் நின்றார். அடுக்கி வைத்திருந்த குக்கர்களைக் கவனமாகப் பார்த்தார். மறுபடி நடந்து ஒரு லாட்ஜ் வாசலில் நின்று, ரூம் வாடகை போர்டை முழுசாகப் படித்தார். அப்புறம் பிளாஸ்டிக் பைப் விற்கிற கடை. வேலை வெட்டி இல்லாத ஆள் போல என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன்.

பத்தரை, பதினோரு மணி இருக்கும். ஓ.பி. சீட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர்! நீங்களா? என்னத் தெர்தா? சேரப்பணஞ்சேரி!"

தலை நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான் என்றார், பெண் பத்தாவது என்றார். கம்பெனியில் இப்போது லைன் சூப்பர்வைசர் என்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல சிஸ்டர். வருஷா வருஷம் மெடிக்கல்ல ஃபிட்டுதான். இந்த எடது காலுதான். நூறடி நடந்தா கெண்டக்காலு கவ்விக்கினு நடக்க விட மாட்டேங்குது. ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடுது. மறுபடி நூறடி. ரோட்ல சும்மா நின்னா ஜனங்க இன்னா நெனைக்கும்? அதான் கடை கண்ணி பாக்கற மாதிரி நின்னுக்கறது."

சேரப்பணஞ்சேரியிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்த கால் அது.

செருப்பைக் கழற்றச் சொல்லி, கட்டிலில் காலை நீட்டச் சொன்னேன். பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராகக் கொஞ்சம் மேலே, ஒரு நாடி உண்டு. வலது காலில் வைத்துப் பார்த்தேன். மெலிசாக, தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. இடது காலுக்கு விரலை மாற்றினேன். பாதம் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியும். முதல் தடவை தொட்டபோது கட்டிலில் உட்கார வைத்துக் காத்திருந்தேன், சூடு திரும்பி வந்தது. இப்போது விரலைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டேன்.

"இன்னிக்கி தம் அடிச்சீங்களா?"

அவர் சிரித்தார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி குரலைத் தணித்துச் சொன்னார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். நீங்க சொன்னத மறப்பனா? வெளிய பெஞ்சில கரெக்டா ஒரு மணி நேரம் உக்காந்துட்டுதான் உள்ள வந்தேன்."

என் விரல்கள் அவர் பாதத்தின் மேல் இன்னும் தேடிக்கொண்டிருந்தன.